சதுர அடி விலை குறைவு என்று ரைல்ஸ் வேலை கொடுக்க முன் இதை வாசியுங்கள்

விசுவமடு, பரந்தன், புதுக்குடியிருப்பு, முழங்காவில் என்று வன்னியில் இப்போது எந்தப் பக்கம் போனாலும் வீட்டுத்திட்ட வீடுகளைத் திருத்துகிற வேலைதான். கட்டிப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. சீமெந்து நிலம் வெடித்துவிட்டது, பூசாமல் விட்ட சுவர் அப்படியே நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து யாராவது கொஞ்சம் காசு அனுப்பினால் முதலில் கை வைப்பது நிலத்தில்தான். நாங்களும் விறாந்தை, ஹோல், குளியலறை மூன்றுக்கும் ரைல்ஸ் பதித்தோம். அதில் எங்களுக்கு நடந்ததைத்தான் எழுதுகிறேன். ஆளின் பெயரைக் கேட்காதீர்கள், போடமாட்டேன். அந்த ஒருவர் மட்டும் செய்கிற வேலை இல்லை இது.

விலை கேட்டபோது உள்ளூர் மேசன் ஒருவர் சதுர அடிக்குக் கூலி 150 ரூபா சொன்னார். இன்னொருவரும் அதே விலைதான். மூன்றாவதாக வந்த கொந்தராத்துக்காரர் 130 என்றார். “மற்ற ஆக்கள் கூடக் கேப்பினம் அக்கா. நான் 130க்கே முடிச்சுத் தாறன். சாமானும் நானே எடுத்துத் தாறன், நீங்கள் வெயிலுக்குள்ள அலையத் தேவையில்லை.” வேலை அவருக்குப் போனது. இருபது ரூபா குறைகிறதே, யார்தான் விடுவார்கள்?

வேலை முடிந்து அவர் கொப்பித் தாளில் எழுதித் தந்த கணக்கில் மொத்தம் 600 சதுர அடி. அதாவது 78,000 ரூபா கூலி. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிக்கிற மகள் அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்தாள். விறாந்தை 20க்கு 8, ஹோல் 14க்கு 12. இரண்டும் சேர்ந்து 328 வருகிறது. தாளில் 416 இருந்தது. மிச்சம் 88 எங்கிருந்து வந்தது? சுவரடியில் சுற்றிவர வைக்கிற நாலு அங்குலப் பட்டை இருக்கிறதல்லவா, ஸ்கேர்ட்டிங் என்பார்களே, அதன் நீளம் 88 அடி. நீள அடியை அப்படியே சதுர அடியாகப் போட்டிருக்கிறார். உண்மையில் அதன் பரப்பு 30 சதுர அடி கூட இல்லை.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பட்டை வெட்டி ஒட்டுவது மினக்கெட்ட வேலை. அதற்கு நீள அடிக்கு இவ்வளவு என்று தனி விலை கேட்டால் நியாயம்தான், கொடுக்கலாம். முதலே சொல்லாமல் சதுர அடிக்குள் ஒளித்து வைப்பதுதான் கள்ளத்தனம்.

குளியலறையும் அப்படித்தான். 6க்கு 5 அறை, ஏழு அடி உயரத்துக்குச் சுவர் ரைல்ஸ். சுற்றளவு 22, உயரம் 7, ஆக 154; நிலம் 30; மொத்தம் 184 என்று போட்டிருந்தார். கதவும் யன்னலும் பிடிக்கிற 20 சதுர அடியைக் கழிக்கவே இல்லை. கதவில் யாராவது ரைல்ஸ் ஒட்டுவார்களா?

எல்லாவற்றையும் சரியாக அளந்தால், நிலம் 328, பட்டை 29, குளியலறை 164, ஆக 521 சதுர அடி. அதை 150 ஆல் பெருக்கிப் பாருங்கள்: 78,150. உள்ளூர் மேசனுக்குக் கொடுத்திருந்தாலும் இதே காசுதான் போயிருக்கும். இதில் இன்னொரு விசயம், அந்த மேசனின் 150க்குள், சாந்து பிடிக்கப் பழைய சீமெந்து நிலத்தைக் கொத்தி விடுகிற கூலியும் அடக்கம். 130 சொன்னவர் கொத்தவே இல்லை. நாங்கள் எல்லோரும் “சதுர அடி என்ன விலை?” என்று கேட்கிறோம். எப்படி அளப்பீர்கள், அந்த விலைக்குள் என்னென்ன அடங்கும் என்று யாரும் கேட்பதில்லை.

கூடிய அளவு கூலியோடு நிற்காது, சாமானுக்கும் போகும். இரண்டடிக்கு இரண்டடி ரைல்ஸ் பெட்டியில் நாலு இருக்கும், 15.5 சதுர அடி வரும். வெட்டுச் சேதாரம் நூற்றுக்குப் பத்து வைத்தாலும் விறாந்தைக்கும் ஹோலுக்கும் பட்டையோடு சேர்த்து 26 பெட்டி போதும். அவர் 30 எடுத்தார். மிச்சப் பெட்டி ஒன்றையும் நாங்கள் காணவில்லை. கடை பில் அவருடைய பெயரில் இருந்ததால் திருப்பிக் கொடுத்தாரா, வேறு வீட்டுக்குக் கொண்டு போனாரா என்று கேட்கவும் வழியில்லை.

மணலும் இதே கதைதான். ஒரு கியூப் என்றால் 100 கன அடி. உழவு இயந்திரப் பெட்டி 10க்கு 5 என்றால் இரண்டடி உயரத்துக்கு மணல் நிற்க வேண்டும். எங்களுக்கு வந்தது ஒன்றரை அடி, 75 கன அடி. ஓட்டி வந்த பொடியன் “ஒரு லோட்” என்றுதான் சொன்னான், பாவம். கணக்கில் எழுதும்போது அது “ஒரு கியூப்” ஆகிவிட்டது. பறிக்க முன் பெட்டிக்குள் ஒரு தடியை விட்டு ஆழம் பாருங்கள். ஈர மணல் பொங்கி நிற்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

சரி, காசு போனது போகட்டும், வேலையாவது நல்லதா என்றால் அதுவும் இல்லை. மாரி தொடங்கியதும் மோட்டார் சைக்கிளை விறாந்தையில் ஏற்றி நடு ஸ்டாண்டில் விட்டோம். ஒரு ரைல்ஸின் மூலை மளுக்கென்று உடைந்தது. பிறகு ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டு போனால் பாதிக்கு மேல் டொக் டொக் என்று வெறுஞ் சத்தம். உடைந்ததைக் கிளப்பிப் பார்த்தோம். நாலு மூலைக்கு நாலு, நடுவுக்கு ஒன்று என்று ஐந்து உருண்டைச் சாந்து. மற்ற இடமெல்லாம் வெறும் காற்று, அதற்குள் எறும்பு குடியிருக்கிறது. கீழே பழைய நிலம் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று கிடந்தது, ஒரு கொத்துக் கூட விழவில்லை. அப்படியான நிலத்தில் சாந்து எப்படிப் பிடிக்கும்? சாந்தோ பசைச் சீமெந்தோ, ரைல்ஸின் அடி முழுதும் பட வேண்டும். பதிக்கிற அன்று, இறுக முன் ஒன்றைக் கிளப்பிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல மேசன் கோபிக்க மாட்டார்.

குளியலறையில் தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் கதவடியில் நின்றது. இதைப் பார்க்க ஒரு வாளித் தண்ணீர் போதும். கடைசிக் காசைக் கொடுக்க முன் ஊற்றிப் பாருங்கள்.

காசு கொடுக்கிற விதத்தில் எங்கள் ஆக்களுக்கு நல்ல பழக்கம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. போருக்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கான 550,000 ரூபாவை ஒரேயடியாகத் தரவில்லை. வேலையைப் பார்த்துப் பார்த்துத்தான் அடுத்த கட்டக் காசு வங்கிக்கு வந்தது. அன்றைக்கு முறுமுறுத்தோம். இப்போது சொந்தக் காசு என்றதும் முற்பணமாகப் பாதிக்கு மேல் தூக்கிக் கொடுக்கிறோம். “வெளிநாட்டுக் காசுதானே” என்று வேலைக்கு வருகிறவரும் நினைக்கிறார், அனுப்பியவர் அங்கே இரவு வேலை செய்து உழைத்தது யாருக்குத் தெரியும்? சாமானை உங்கள் பெயரில் பில் போட்டு எடுங்கள். கூலியை வேலை நகர நகரக் கொடுங்கள். பத்தில் ஒரு பங்கையாவது ஒரு மாதம் பிடித்து வையுங்கள். இதையெல்லாம் தொடங்க முன்னமே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள்.

நாங்கள் மத்தியஸ்த சபைக்குப் போனோம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த சபை. சட்டத்தரணி தேவையில்லை, இரண்டு பக்கத்தையும் இருத்திப் பேசுவார்கள். ஆள் முதல் தவணைக்கு வரவில்லை, அடுத்ததற்கு வந்தார். அவர் கையாலே எழுதின அந்தக் கொப்பித் தாளும் மகள் போட்ட அளவுப் படமும்தான் எங்களுக்கு உதவியது. நாலு பெட்டிக் காசையும் விறாந்தையைத் திரும்பப் பதிக்கிற கூலியில் பாதியையும் தர ஒப்புக்கொண்டார். இதுவரை பெட்டிக் காசு மட்டும் வந்திருக்கிறது. கடைக்காரர் பில் தர மறுத்தால் அது வேறு முறைப்பாடு, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லலாம்.

விறாந்தையை இப்போது அந்த 150 சொன்ன மேசன்தான் கொத்திக்கொண்டிருக்கிறார். பரந்தன், விசுவமடுப் பக்கம் யாருக்காவது ரைல்ஸ் கணக்கு கையில் வந்து சந்தேகம் இருந்தால், காசு கொடுக்க முன் தாளைப் படமெடுத்து அனுப்புங்கள், அறைகளின் நீள அகலத்தையும் எழுதுங்கள். மகளிடம் கொடுத்துப் பார்த்துச் சொல்கிறேன்.