புழக்கத்துக்கா, சுவருக்கா? – ஆலிஸ் வாக்கரின் 'எவ்ரிடே யூஸ்' ஆய்வுப் பதிப்பு

பாட்டி விட்டுச்சென்ற பொருளை வைத்து அம்மாவுக்கும் மகளுக்கும் மூளும் சண்டையை வகுப்பில் நடத்துகிறவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டிய புத்தகம் இது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1994-இல் வெளியிட்டது. தொகுத்து முன்னுரை எழுதியவர் பார்பரா கிறிஸ்டியன். உள்ளே இருப்பது அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஆலிஸ் வாக்கரின் ஒரே ஒரு சிறுகதை: 'எவ்ரிடே யூஸ்', அதாவது அன்றாடப் புழக்கம். அதைச் சுற்றி வாக்கர் எழுதிய ஒரு கட்டுரை, அவருடன் ஜான் ஓ'பிரையன் நடத்திய நேர்காணல், வாழ்க்கைக் காலவரிசை, ஆறு விமர்சனக் கட்டுரைகள், நூற்பட்டியல். கதை மட்டும் போதும் என்பவர்கள் இதை வாங்க வேண்டாம். 1973-இல் வந்த வாக்கரின் முதல் சிறுகதைத் தொகுப்பிலேயே அது இருக்கிறது, கூடவே வேறு 12 கதைகளும் கிடைக்கும். பாடம் நடத்துகிறவர்களும் ஆய்வேடு எழுதுகிறவர்களும் வாசகர் வட்டம் கூட்டுகிறவர்களும் தயங்காமல் வாங்கலாம்.

கதை ஹார்ப்பர்ஸ் இதழில் 1973 ஏப்ரலில் வந்தது. அமெரிக்கத் தெற்கில் தகரக் கூரை போட்ட மூன்று அறை வீடு. கதையைச் சொல்லும் அம்மா இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், பன்றியைத் தன் கையாலேயே வெட்டிச் சுத்தம் செய்யக்கூடியவர். இளையவள் மேகி பழைய வீடு எரிந்தபோது பட்ட தழும்புகளோடு சுவரோரமாகவே நடப்பவள். மூத்தவள் டீ, அம்மாவும் தேவாலயமும் சேர்ந்து பணம் திரட்டி அகஸ்டாவுக்குப் படிக்க அனுப்பிய பெண். அவள் இப்போது வாங்கெரோ லீவானிகா கெமாஞ்சோ என்ற புதுப் பெயரோடு வந்து இறங்குகிறாள். வெண்ணெய் கடையும் கலத்தின் மூடி வேண்டும் என்கிறாள், மத்து வேண்டும் என்கிறாள், கடைசியில் பெட்டியிலிருந்த இரண்டு ஒட்டுத்துணிப் போர்வைகளை எடுத்து மார்போடு அணைத்துக்கொள்கிறாள். அவை மேகிக்குக் கல்யாணச் சீராகச் சொல்லி வைத்தவை. மேகி அவற்றை அன்றாடம் விரித்துப் படுத்து ஐந்தே வருடத்தில் கந்தலாக்கிவிடுவாள், நான் சுவரில் மாட்டி வைப்பேன் என்பது மூத்தவளின் வாதம்.

இந்தக் கதையை நடத்தும்போது பெரும்பாலும் தவறு நேர்வது போர்வை விஷயத்தில்தான். தைப்பது எப்படி என்று தெரியாமல் படித்தால் பாதி அர்த்தம் கைநழுவிவிடும். இந்த வகைப் போர்வையில் மூன்று அடுக்கு: மேலே துண்டுகளை இணைத்த முகத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி. துண்டுகளை இணைப்பது ஒரு வேலை. மூன்று அடுக்கையும் சட்டத்தில் இழுத்துக் கட்டி ஊடுருவித் தைப்பது வேறொரு வேலை. கதையில் முதல் வேலையைச் செய்தவர் டீ பாட்டி. இரண்டாவதைச் செய்தவர்கள் அம்மாவும் அவருடைய சகோதரி பெரிய டீயும், அதுவும் முன்வாசல் திண்ணையில் சட்டம் கட்டி. ஆகவே 'பாட்டியின் போர்வை' என்று மூத்தவள் சொல்லும்போது எதிரே நிற்கும் தன் அம்மாவின் கைத்தையலையே கணக்கில் சேர்க்காமல் விடுகிறாள். வகுப்பில் முதலில் சுட்டிக்காட்ட வேண்டியது இதைத்தான்.

போர்வைகளில் ஒன்று 'லோன் ஸ்டார்' கோலம், அதாவது எட்டு முனை நட்சத்திரம். சாய்சதுரத் துண்டுகளைச் சேர்த்து வளர்ப்பது. அதன் சில ஓரங்கள் துணியின் குறுக்குச் சாய்வில் வெட்டுப்படும், கையில் எடுத்தாலே இழுபடும். ஒவ்வொரு தையலிலும் நூலளவு பிசகினால் எட்டு முனைகளும் கூடும் நடு இடம் தட்டையாகப் படியாமல் குடைபோல் எழும்பிவிடும். கற்றுக்கொடுக்க ஆளும், தப்பாகப் போனதைப் பிரித்துத் தைக்கப் பொறுமையும் இல்லாமல் இது வராது. மேகிக்குத் தைக்கத் தெரியும், கந்தலானால் இன்னொன்று தைத்துக்கொள்வாள் என்று அம்மா சொல்லும் பதிலின் கனம் இங்கேதான் இருக்கிறது. அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர்களும் அந்த இரண்டு டீக்களே.

இந்தப் போர்வைகளில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு வெளிறிய நீலத் துண்டும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கொள்ளுத்தாத்தா எஸ்ரா உடுத்திய சீருடையிலிருந்து வந்தது. நீலம் வடக்குப் படையின் நிறம். அந்தப் படையில் சுமார் 1,79,000 கறுப்பினத்தவர் சேர்ந்து அடிமை முறைக்கு எதிராகப் போரிட்டார்கள். எஸ்ரா எந்தப் பக்கம் நின்றார் என்று கதை வாய்விட்டுச் சொல்வதில்லை. என்றாலும், தன்னை ஒடுக்குகிறவர்கள் வைத்த பெயர் வேண்டாம் என்று உதறும் பெண்ணின் கையிலேயே அந்தத் துண்டு இருக்கிறது. வடக்குப் படைச் சீருடை கம்பளி. வெந்நீரில் துவைத்தால் சுருங்கும், மூடி வைத்தால் பூச்சி அரிக்கும். அன்றாடப் புழக்கத்தில் முதலில் போவது அதுவாகத்தான் இருக்கும். அந்த அளவில் மூத்தவள் சொல்வது சரியே. ஆனால் சுவரில் தொங்கவிட்டாலும் முழு எடையும் மேல் ஓரத் தையலில் இறங்கும், வெளிச்சம் பட்டுச் சாயம் போகும். எடை பரவுவதற்காகப் பின்புறம் அகலமான துணி உறை தைத்துத்தான் இவற்றை மாட்டுவார்கள், வருடக்கணக்கில் வெளிச்சத்தில் விடுவதும் இல்லை. இரண்டு வழியிலும் துணி தேயத்தான் போகிறது என்று தெரிந்தால் வகுப்பில் விவாதத்தின் போக்கே மாறிவிடும்.

காலப் பின்னணியும் வேண்டும். நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அமெரிக்க ஒட்டுப்போர்வைகளை ஓவியம்போலச் சுவரில் மாட்டிக் காட்டியது 1971-இல். கல்லூரிக்குப் போகும்போது பழம்பாணி என்று மறுத்த போர்வையை இப்போது மூத்தவள் கேட்பதன் காரணம் இங்கே பாதி விளங்கும். மீதி அவள் பெயரில் இருக்கிறது. லீவானிகா என்பது இன்றைய சாம்பியாவில் ஆண்ட ஓர் அரசரின் பெயர். வந்து இறங்கியதும் அவள் சொல்லும் வணக்கமோ உகாண்டாவின் லுகாண்டா மொழியில் 'இரவு நன்றாகக் கழிந்ததா' என்று கேட்கும் காலை விசாரிப்பு. எங்கெங்கோ பொறுக்கிச் சேர்த்த ஆப்பிரிக்கா அது. அதற்காக அவளைக் கேலிக்குரியவளாக்கிவிடக் கூடாது. பெயரை மாற்றிக்கொள்வதன் பின்னே எவ்வளவு பெரிய காயம் இருக்கும் என்று தமிழ் வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை.

தொகுப்பின் குறை இந்த இடத்தில்தான். சார்லட் பியர்ஸ்-பேக்கரும் ஹூஸ்டன் பேக்கரும் சேர்ந்து எழுதிய கட்டுரை துண்டுத்துணிக்கும் சமூகத்துக்கும் உள்ள உறவை அருமையாக விளக்குகிறது. ஆனால் மேகியைத் தெய்வ நிலைக்கு உயர்த்துகிறது. அதை முதலில் படிக்கும் மாணவர்கள் அத்தனை பேரும் மூத்தவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுவார்கள். கதையைச் சொல்வது அம்மா. தொலைக்காட்சியில் மகளோடு தோன்றுவதாகப் பகல்கனவு காண்பவரும், அவள் படித்துக் காட்டியபோதெல்லாம் மிரண்டவரும் அவர்தான். அந்தக் குரலைச் சந்தேகித்துப் படிக்கும் முழுக் கட்டுரை ஒன்று இங்கே சேர்ந்திருக்க வேண்டும். எலைன் ஷோவால்டரின் கட்டுரை போர்வையைப் பெண்ணெழுத்தின் நீண்ட வரலாற்றில் வைத்துப் பார்ப்பது, பொறுமையாக வாசிக்கத் தக்கது.

நடத்தும் முறை: முதல் நாள் கதை மட்டும், முன்னுரைகூட வேண்டாம். மத்து வரும் பத்தியை உரக்கப் படிக்கவும். அதைச் செதுக்கியவர் பெயர் ஹென்றி, ஸ்டாஷ் என்று கூப்பிடுவார்கள் என்று சொல்வது மேகி மட்டுமே. கடைந்த கைகள் மரத்தில் பதித்த பள்ளத்தை அம்மா விவரிப்பதும் இங்கேதான். இரண்டாம் நாள், இந்தத் தொகுப்பிலேயே உள்ள, அம்மாக்களின் தோட்டத்தைத் தேடிச் செல்லும் வாக்கரின் 1974 கட்டுரை. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் தொங்கும் ஒரு போர்வையின் முன் அவர் நிற்கிறார். பெயர் தெரியாத கறுப்பினப் பெண் ஒருத்தி கந்தல் துணியால் தைத்தது என்று வியக்கிறார். சுவரில் மாட்டியிருந்ததால்தான் அது அவர் கண்ணில் பட்டது. அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மூத்தவள் கேட்டதில் என்ன தவறு என்று மாணவர்களிடம் கேட்கவும். விமர்சனக் கட்டுரைகளை அதற்கு மறுவாரம் கொடுத்தால் போதும்.