செவ்வாய்ப்பேட்டை வீட்டுப் பரணும் பன்னிரண்டு ஆண்டு இணைய ஏலமும்

மாமனார் காலமான மறு ஆண்டு, அதாவது 2013-இல், செவ்வாய்ப்பேட்டையில் இருந்த பழைய வீட்டை விற்பதென்று முடிவாகி, மாமியாரை அஸ்தம்பட்டியில் உள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தபோது, அவருடன் இரண்டு டெம்போ நிறையச் சாமான்களும் வந்து சேர்ந்தன. மூன்று தலைமுறையாகப் பரணில் ஏறியவை இறங்கியதே இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. காயலான் கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்து, பித்தளையை எடைக்கும், மரச் சாமான்களைக் குத்துமதிப்பாகவும் கேட்டார். மூலையில் இருந்த மர்ஃபி வால்வு ரேடியோவைக் காட்டி, “இதுக்கு நூத்தம்பது போட்டுக்கலாங்க” என்றார். அந்த நூற்றைம்பது ரூபாய்தான் என்னை இணைய ஏலத்துக்குத் தள்ளியது. இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ நூற்று நாற்பது பொருள்களை விற்றிருக்கிறேன். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஏலம் நடக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் எனக்கே அது பிடிபடவில்லை. சேலத்துக்காரர்களுக்கு ஏலம் புதிதல்ல. 1981-இல் தொடங்கப்பட்ட சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தில் ஜவ்வரிசி மூட்டைகள் மறைமுக டெண்டரில் விலைபோவதைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அங்கே ஒருவர் எழுதிய விலை மற்றவருக்குத் தெரியாது; கூடுதலாக எழுதியவருக்குச் சரக்கு போகும். கோயில் ஏலத்தில் எல்லாரும் கேட்கக் கூவி, ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று முடிப்பார்கள். இணைய ஏலம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கேட்பவர் தம்மால் தர முடிந்த உச்சத் தொகையைத் தளத்திடம் மறைவாகச் சொல்லி வைக்கிறார். தளம் அவர் சார்பில் தேவையான அளவுக்கு மட்டும் விலையை ஏற்றிக்கொண்டே போகிறது. ஒருவர் 1,500 ரூபாய் என்றும் இன்னொருவர் 1,100 ரூபாய் என்றும் வைத்திருந்தால், ஒவ்வொரு படியிலும் விலை ஏறும் தொகை 25 ரூபாயாக இருக்கும் இடத்தில், பொருள் முதலாமவருக்கு 1,125 ரூபாய்க்கு முடியும். இரண்டாவது ஆள் எவ்வளவு வரை வருகிறாரோ அதுதான் விலையைத் தீர்மானிக்கிறது. வில்லியம் விக்ரி என்ற பொருளியல் அறிஞர் 1961-இலேயே இதற்கு நெருங்கிய ஒரு முறையை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். 1996-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. விற்பவருக்கு இதில் உள்ள பாடம் எளியது: ஒரே ஒரு ரசிகர் எவ்வளவு ஆசைப்பட்டாலும் பயனில்லை, இரண்டு பேராவது வேண்டும்.

இது புரியாமல் நான் செய்த முதல் முயற்சி எவர்சில்வர் பாத்திரங்கள். அடுக்குச் சட்டிகள், தூக்குவாளி, பன்னிரண்டு டம்ளர்கள் ஆகியவற்றை ஒரு தொகுதியாக வைத்து, ஆரம்ப விலை 99 ரூபாய் என்று போட்டேன். ஏழு நாளில் ஒருவரும் கேட்கவில்லை. உருக்காலை உள்ள ஊரில் இருந்துகொண்டு எவர்சில்வரை ஏலம் போட்டால் யார் கேட்பார்கள் என்று கணவர் கேலி செய்தார். உண்மையில் காரணம் ஊர் அல்ல. எந்தப் பொருளின் விலை எல்லாருக்கும் தெரியுமோ, எது எந்தக் கடையிலும் புதிதாகக் கிடைக்குமோ, அதற்கு ஏலம் பொருந்தாது. ஃபிரிட்ஜ், கட்டில், மிக்ஸி போன்றவற்றை ஒரு நிலையான விலை போட்டு உள்ளூரிலேயே தள்ளிவிடுவது நல்லது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சரியான விலை தெரியாத பொருளுக்குத்தான் ஏலம் கைகொடுக்கிறது.

அந்த வகையில் மர்ஃபி ரேடியோ எனக்கு நல்ல ஆசான். முன்பக்கத் துணியில் ஒரு விரற்கடை நீளத்துக்குக் கிழிசல் இருந்தது, ஒரு திருகு குமிழ் மாற்றுக் குமிழ், மின்சாரம் கொடுத்தால் இரைச்சல் மட்டும் வந்தது. இவற்றை மறைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. மறைக்காமல், கிழிசலின் அருகே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்தேன். பின்மூடியைக் கழற்றி உள்ளிருந்த வால்வுகளையும் அவற்றின் மேல் அச்சிட்டிருந்த எண்களையும் தனித்தனியே எடுத்தேன். பிறகுதான் தெரிந்தது, இத்தகைய ரேடியோவைத் தேடுபவர் பெரும்பாலும் தாமே பழுது பார்க்கத் தெரிந்தவர், அவருக்குப் பளபளப்பான முன்பக்கத்தைவிடப் பின்பக்கப் படமே முக்கியம். பூனாவிலிருந்து ஒருவர் மூன்று கேள்விகள் அனுப்பினார். மூன்றும் டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றியவை. ஏலம் 4,600 ரூபாயில் முடிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு இன்னும் நினைவில் இருக்கிறது. ஒன்பது மணிக்கு முடியும்படி வைத்திருந்தேன். எட்டே முக்கால் வரை விலை 1,900 ரூபாயில் அசையாமல் நின்றது. மாமியார் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, முருங்கைக் கீரை ஆய்ந்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி இரண்டு நிமிடத்தில் எண் மாறத் தொடங்கியது. நான்காயிரத்தைத் தாண்டியதும் கீரைக் காம்பைக் கீழே வைத்துவிட்டு, “ஏம்மா, ஊமையாப் போன ரேடியோவுக்கா இத்தன காசு? உங்க மாமா இருந்திருந்தா இன்னொண்ணு வாங்கி வெச்சிருப்பாரு” என்றார்.

கடைசி நொடியில் கேட்பது அனுபவசாலிகளின் பழக்கம். தம் ஆர்வத்தை முன்பே காட்டி விலையை ஏற்றிவிடக் கூடாது என்று காத்திருப்பார்கள். எனவே நடுவில் விலை அசையவில்லை என்று பதறி ஏலத்தை ரத்து செய்யக் கூடாது. முடியும் நேரத்தை ஆட்கள் வீட்டில் இருக்கும் நேரமாக வைக்க வேண்டும், அவ்வளவுதான். என் அனுபவத்தில் மாதத்தின் முதல் வார ஞாயிறு இரவு நன்றாக இருந்தது. கடைசி வாரத்தில் வைத்தவை பெரும்பாலும் சோர்ந்தே முடிந்தன.

ரேடியோவுடன் ஒரு லைசென்ஸ் புத்தகமும் இருந்தது. ரேடியோ வைத்திருக்க அரசின் உரிமம் தேவைப்பட்ட காலத்தில், ஆண்டுக் கட்டணத்துக்கான வில்லைகளை ஒட்டி அஞ்சலகத்தில் முத்திரை குத்தித் தந்த சிறு புத்தகம் அது. ரேடியோவோடு சேர்த்தே அனுப்பிவிட இருந்தேன். தபால்தலை சேர்க்கும் நண்பர் ஒருவர் தடுத்து, தனியாக வைக்கச் சொன்னார். அது 650 ரூபாய்க்குப் போனது. அதை வாங்கியவர் தபால்தலை சேர்ப்பவர், ரேடியோவில் அவருக்கு அக்கறையே இல்லை. அதன் பிறகு எதையும் மொத்தமாகக் கட்டி வைப்பதற்கு முன், இதில் எத்தனை வகை ரசிகர்கள் ஒளிந்திருக்கிறார்கள் என்று பார்க்கப் பழகினேன்.

எச்.எம்.டி. கைக்கடிகாரங்கள் இன்னொரு வகை. மாமனாரிடம் சாவி கொடுக்கும் ஜனதா இரண்டும் பைலட் ஒன்றும் இருந்தன. 2014-இல் அந்தக் கடிகாரத் தொழிற்சாலை மூடப்படப் போகிறது என்ற செய்தி வந்ததும், அதுவரை சீண்டுவாரில்லாதிருந்த கடிகாரங்களுக்குத் திடீரென்று கிராக்கி வந்தது. நான் ஜனதா ஒன்றை மட்டும் அப்போது வைத்தேன். 99 ரூபாயில் தொடங்கி 1,340 ரூபாயில் முடிந்தது. இன்னொன்றைக் கணவர் கட்டிக்கொண்டார். பைலட்டில் முகப்புத் தட்டு பின்னாளில் மாற்றப்பட்டது என்று ஏலக் குறிப்பைப் படித்த ஒருவர் படத்தைப் பார்த்தே கண்டுபிடித்து எழுதினார். விவரக்குறிப்பைத் திருத்தி, அதைச் சொல்லியே விற்றேன். விலை குறைந்தது, ஆனால் திரும்பி வரவில்லை.

இனிப் பொதி கட்டுவதைப் பற்றி. ஏலத்தில் விற்பது பாதி வேலை என்றால், உடையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது மீதிப் பாதி. இதை ஒரு ஊறுகாய் ஜாடிதான் கற்றுக்கொடுத்தது. பழுப்பும் வெள்ளையுமான பெரிய சீனா ஜாடி, கொல்கத்தாவில் ஒருவர் 850 ரூபாய்க்குக் கேட்டு வாங்கினார். ஒற்றைப் பெட்டியில், சுற்றிலும் செய்தித்தாள் திணித்து அனுப்பினேன். ஜாடியின் விளிம்பு பெட்டிச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. மூன்று துண்டாகப் போய்ச் சேர்ந்தது. கூரியர்காரர்கள் பொதி சரியில்லை என்று கைவிரித்தார்கள். உண்மையில் அவர்கள் சொன்னதில் தவறில்லை. முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து பெட்டிக்குள் பெட்டி, நடுவில் எல்லாப் பக்கமும் நான்கு விரல் இடைவெளி, அதில் பழைய வேட்டித் துண்டுகளும் தெர்மாகோலும். கட்டி முடித்த பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்குவேன். ஏதாவது ஆடும் சத்தம் கேட்டால் மறுபடி பிரிப்பேன்.

எடையைக் கணக்கிடுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. கூரியரில் தராசு எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுத்து வரும் எண்ணையும் பார்த்து, இரண்டில் எது கூடுதலோ அதற்குக் கட்டணம் போடுவார்கள். ரேடியோவுக்கு நான் செய்த பெட்டி 45, 35, 30 அளவு. பெருக்கி வகுத்தால் 9.45 கிலோ. தராசிலோ ஆறு கிலோதான் இருந்தது. அனுப்பும் செலவை முன்கூட்டியே 6 கிலோவுக்குக் குறிப்பிட்டிருந்ததால் வித்தியாசம் என் கையிலிருந்து போனது. ஆகவே ஏலம் தொடங்கும் முன்பே பெட்டியைத் தயார் செய்து அளந்துவிட வேண்டும்.

சில பொருள்களை அனுப்பாமல் இருப்பதே உத்தமம். சுவரில் பொருத்திக் கையால் சுற்றும் காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது, இரும்பு வார்ப்பு, நல்ல கனம். அதை “நேரில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும்” என்று வைத்தேன். கேட்டு வாங்கியவர் ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்துபவர். சேர்வராயன் மலைக் காப்பியை விருந்தினர் கண்ணெதிரே அரைத்துக் காட்டுவதற்காம். அவருக்கு இறங்கி வர நேரம் வாய்க்கவில்லை என்பதால், நாங்களே ஒரு சனிக்கிழமை பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிக் கொடுத்துவிட்டு வந்தோம். கூரியர் செலவு மிச்சம், ஒரு நல்ல காப்பியும் கிடைத்தது. மாமியாருக்குத்தான் பதினோராவது வளைவில் தலைசுற்றல் வந்துவிட்டது.

தளங்களைப் பொறுத்தவரை காலம் மாறிவிட்டது. 2000-இல் தொடங்கிய பாஸி என்ற இந்திய ஏலத் தளத்தை 2004-இல் அமெரிக்க ஏல நிறுவனமான ஈபே வாங்கியது. அதில்தான் நான் பழகினேன். அங்கே வாங்குபவர் செலுத்தும் பணம் பொருள் போய்ச் சேரும் வரை பைசாபே என்ற அதன் பணம் செலுத்தும் வசதி வழியாகத் தளத்திடமே நிற்கும் என்பதால், இரு தரப்புக்கும் ஒரு தைரியம் இருந்தது. ஈபே இந்தியா 2018 ஆகஸ்ட் 14 அன்று நிறுத்தப்பட்ட பிறகு, உள்நாட்டில் சாதாரண வீட்டுப் பொருளுக்கு அப்படி ஓர் ஏலக்களம் எனக்கு அமையவில்லை. இன்று நான் விற்பதெல்லாம் சேகரிப்பாளர்களின் வாட்ஸாப், ஃபேஸ்புக் குழுக்களில். அங்கே படத்தைப் போட்டு ஆரம்ப விலையையும் முடியும் நேரத்தையும் எழுதினால், கீழே ஒவ்வொருவராக விலை கேட்பார்கள். நல்ல குழுக்களில் ஒரு விதி உண்டு: கடைசி ஐந்து நிமிடத்துக்குள் யாராவது கேட்டால், அங்கிருந்து மேலும் ஐந்து நிமிடம் நீளும். கடைசி நொடித் தந்திரம் இங்கே செல்லாது. கோயில் ஏலத்தின் மூன்று தரம் திரும்பி வந்ததுபோல் இருக்கிறது. எனக்கு இதுவே பிடித்திருக்கிறது. குறை என்னவென்றால், பணத்தை நடுவில் பிடித்து வைக்க ஆள் இல்லை. கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்களை நிர்வாகி குழுவிலிருந்து நீக்குவதோடு சரி.

நிலையான விலை போடும் விளம்பரத் தளம் ஒன்றில் ஒருமுறை மாட்டிக்கொள்ள இருந்தேன். நாற்காலிகளுக்கு விளம்பரம் போட்ட பத்தாவது நிமிடத்தில் ஒருவர் அழைத்து, பேரம் பேசாமல், பார்க்காமல், உடனே பணம் அனுப்புவதாகச் சொல்லி, ஒரு கியூஆர் குறியீட்டை அனுப்பி ஸ்கேன் செய்து, யூபிஐ ரகசிய எண்ணை (PIN) போடச் சொன்னார். யூபிஐ-யில் பணம் வாங்குவதற்கு அந்த ரகசிய எண் தேவையே இல்லை. அதைப் போட்டால் நம் கணக்கிலிருந்து பணம் போகும். மகள் பக்கத்தில் இருந்ததால் தப்பித்தேன். பணம் போய்விட்டவர்கள் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். பேரம் பேசாமல் பழைய நாற்காலி வாங்குகிறவர் சேலத்தில் இல்லை என்பதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

விற்காமல் விட்டதும் ஒன்று உண்டு. பரணில் துணியில் சுற்றிய ஓர் ஓலைச்சுவடிக் கட்டு கிடைத்தது. ஒரு குழுவில் படம் போட்டதும் தனிச்செய்தியில் நல்ல விலை கேட்டார்கள், ஒருவர் வெளிநாட்டு முகவரியே கொடுத்தார். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி நூறாண்டு கடந்த தொல்பொருள்களையும், வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள சுவடிகளானால் எழுபத்தைந்து ஆண்டு கடந்தவற்றையும், தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. படத்தை நீக்கிவிட்டு, சென்னையில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் விசாரிக்க ஏற்பாடு செய்தோம். வீட்டில் பழைய சிலை, சுவடி, ஓவியம் எதுவாயினும், ஏலத்தில் வைக்கும் முன் இந்தச் சட்டத்தைப் படித்துவிடுவது நல்லது.

அந்தப் பழைய வீட்டிலிருந்து வந்தவற்றில் விற்க இப்போது மிஞ்சியிருப்பது காலால் மிதிக்கும் தையல் இயந்திரம் ஒன்றுதான். இரும்புக் கால்களின் பூவேலைக்காகவே, மேலே பலகை போட்டு மேசையாக்கிக்கொள்ள மூவர் கேட்டிருக்கிறார்கள். மாமியார் அதைத் தைக்கத் தெரிந்தவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்கிறார். எனவே வரும் ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு முடியும் ஏலத்தின் குறிப்பில், ஆரம்ப விலை 500 ரூபாய், நேரில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்பவற்றுக்குக் கீழே, “இயந்திரம் ஓடுகிறது, வந்து ஒரு துணி தைத்துப் பார்த்துக்கொள்ளலாம்” என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.