பிரெஸ்ஸாவா, ஈகோஸ்போர்ட்டா? நான் ஏன் பிரெஸ்ஸா பக்கம்

2012 ஜனவரி, டெல்லி ஆட்டோ எக்ஸ்போ. அங்கே இரண்டு குட்டி எஸ்யூவிகள் கான்செப்டாக, அதாவது விற்பனைக்கு முந்தைய மாதிரி வண்டியாக, நின்றன: மாருதி சுஸுகியின் எக்ஸ்ஏ ஆல்ஃபா, ஃபோர்டின் ஈகோஸ்போர்ட். நான்கு மீட்டருக்குள் இருந்தால் வரி குறைவு என்பதால் இரண்டும் அந்த அளவுக்குள் அடங்கியிருந்தன. ஃபோர்டு 2013-லேயே கிட்டத்தட்ட அதே தோற்றத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. மாருதி 2016 மார்ச் வரை இழுத்தது. ஆல்ஃபாவின் திரண்ட தோள்களெல்லாம் போய், பெட்டி மாதிரி வந்தது விட்டாரா பிரெஸ்ஸா. நான் வாங்கியது அந்தப் பெட்டியைத்தான், டீசலில்.

ஓட்டும் சுகம் என்று பார்த்தால் ஈகோஸ்போர்ட்தான். ஸ்டியரிங் நறுக்கென்று இருக்கும், 1.5 லிட்டர் டீசலில் பிக்கப்பும் நன்றாக இருக்கும். பிரெஸ்ஸாவின் 1.3 லிட்டர் இன்ஜின் 2000 ஆர்பிஎம் வரை தூங்கும். கொடைக்கானல் கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியருக்கே இறங்க வேண்டியிருக்கும். ஈகோஸ்போர்ட்டின் உயர்ந்த மாடலில் ஆறு ஏர்பேக், டீசல் பிரெஸ்ஸாவில் இரண்டுதான். ஆனாலும் 2018-இல் குளோபல் என்கேப் என்ற அமைப்பின் மோதல் பாதுகாப்புச் சோதனையில் பிரெஸ்ஸா நான்கு நட்சத்திரம் வாங்கியது. இடவசதி, தரை இடைவெளியில் பெரிய வித்தியாசம் இல்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. பிரெஸ்ஸா டீசலில் இருப்பது ஃபியட்டின் மல்டிஜெட் இன்ஜின். ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா, டாடா விஸ்டா, புன்டோ என்று எத்தனையோ வண்டிகளில் ஓடியது. சின்ன ஊர் மெக்கானிக்குக்கும் அது அத்துப்படி. ஸ்பேர் வெளிக்கடையிலும் கிடைக்கும். இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்க அதில் இருப்பது டைமிங் செயின், பெல்ட் மாதிரி குறித்த காலத்தில் மாற்ற வேண்டியதில்லை. ஈகோஸ்போர்ட் டீசலில் டைமிங் பெல்ட். காலம் வந்தால் மாற்றியே ஆகவேண்டும், தள்ளிப்போட்டு அறுந்தால் இன்ஜினுக்கே செலவு.

அப்புறம் 2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. அமெரிக்கா வரை ஈகோஸ்போர்ட்டை ஏற்றுமதி செய்த மறைமலை நகர் ஆலையில் 2022-இல் உற்பத்தி நின்றது. சர்வீஸும் உதிரி பாகங்களும் தொடரும் என்றார்கள், தொடரவும் செய்கிறது. ஆனால் சென்னையில் இருப்பவருக்கும் சின்ன ஊரில் இருப்பவருக்கும் அது ஒன்றல்ல. பெல்ட், ஃபில்டர் எங்கேயும் கிடைத்துவிடும். ஹெட்லைட்டோ பம்பரோ உடைந்தால்தான் தெரியும். விற்கப் போனாலும் வாங்க வருபவர் முதலில் கேட்பது இதைத்தான்.

மாருதியும் 2020-இல் பிஎஸ்6 என்ற புதிய புகை மாசு விதி வந்தபோது இந்த டீசலைக் கைவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்ஜின் போனாலும் கம்பெனி இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அதற்குப் பின் வந்த பெட்ரோல் பிரெஸ்ஸாவை நான் அதிகம் ஓட்டியதில்லை, அதனால் என் தீர்ப்பு டீசலோடு சரி.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவருக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். மறுவிற்பனை பயத்தால் ஈகோஸ்போர்ட் விலை இறங்கிக் கிடக்கிறது. ஃபோர்டு தெரிந்த நல்ல மெக்கானிக் பக்கத்திலேயே இருந்து, பத்து வருடம் நாமே ஓட்டப்போகிறோம் என்றால் தாராளமாக வாங்கலாம். டீசல் என்றால் டைமிங் பெல்ட் மாற்றிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். பில் இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.