டர்பன் பெரியாவில் பெண்களுக்கான தோல் கிளினிக்: நீங்காத அரிப்புக்குப் போய்ப் பார்த்ததைப் பற்றி

பிறப்புறுப்பின் வெளித்தோலில் அரிப்பும் எரிச்சலும் வந்து, வருஷக்கணக்கில் போகாமல், காரணமும் தெரியாமல் களிம்பு மாற்றிக் களிம்பு பூசிக்கொண்டிருக்கும் பெண் யாராவது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இதைப் படித்தால், அங்கே பெரியா (Berea) என்ற பகுதியில் இருக்கும் இந்த கிளினிக்குக்குப் போங்கள் என்று தயங்காமல் சொல்வேன். செலவு அதிகம்தான், காத்திருப்பும் நீளம்தான். அப்படியும் சொல்கிறேன். கிளினிக்கின் பெயரையோ டாக்டரின் பெயரையோ இங்கே போடவில்லை. வேண்டுபவர்கள் தனியாகக் கேட்டால் தருகிறேன். என் பெயரும் வேண்டாம். டர்பனில் நம் ஆட்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில் யாரைத் தொட்டாலும் யாருக்காவது சொந்தமாக இருப்பார்கள்.

எனக்கு ஐம்பதை நெருங்கும் வயது. திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். பகலில் வேலை மும்முரத்தில் ஓரளவு மறந்திருப்பேன், ராத்திரி படுத்ததும் அரிப்பு ஆரம்பிக்கும். தூக்கத்திலேயே சொறிந்து, காலையில் சிறுநீர் கழிக்கும்போது வெட்டுக்காயத்தில் உப்புப் பட்டதுபோல எரியும். வெள்ளைப்படுதல் இல்லை, வாடை இல்லை. ஆனாலும் போன இடத்திலெல்லாம் பூஞ்சைத் தொற்று என்றார்கள். ஃப்ளூகோனசோல் மாத்திரை, க்ளோட்ரிமசோல் க்ரீம், அப்புறம் அதையே இன்னொரு பெயரில். ஒரு டாக்டர் கணவருக்கும் சேர்த்து மாத்திரை எழுதினார். அந்தச் சீட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து அவரிடம் கொடுக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. பாப் ஸ்மியர் எடுத்து எல்லாம் சரியாக இருக்கிறது என்றும் சொன்னார்கள். பாப் ஸ்மியர் கருப்பையின் வாயைப் பார்க்கும் சோதனை. வெளித்தோலில் என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. இதை எனக்கு முதலில் விளக்கியது இந்த கிளினிக்தான்.

இத்தனை இடத்துக்கும் இந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். இங்கே மருந்து எழுதுவதற்கு முன்னால் பார்த்தார்கள். விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து, பூதக்கண்ணாடி வைத்து, நிதானமாகப் பார்த்தார்கள். அதற்கு முன் என் தோலை யாருமே பார்த்ததில்லை. நான் வாயால் சொன்னதை வைத்தே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் சந்திப்புக்கு முன்பே ஒரு செய்தி அனுப்புகிறார்கள்: உடம்பில் படும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள் என்று. சோப்பு, துணி பவுடர், துணிக்கு வாசனை தரும் திரவம், பேட், வெட் வைப்ஸ் (ஈரத் துடைப்புத் தாள்), இதுவரை பூசிய களிம்புகள், எண்ணெய். டாக்டர் அந்தப் பையை மேஜையில் கவிழ்த்து ஒவ்வொன்றையும் எடுத்து அட்டையைப் படித்தார். பாட்டில் ஒன்றில் எங்கள் அத்தை அரைத்துக் கொடுத்த மஞ்சளும் சிரிங்கா இலையும் இருந்தன. இந்த ஊரில் மாரியம்மன் கூழுக்கு வேப்பிலை கிடைக்காத இடங்களில் சிரிங்காவைத்தான் வைப்பார்கள், நம் ஊரில் மலைவேம்பு என்போமே, அதுதான். அதையும் முகம் சுளிக்காமல் எடுத்து மோந்து, "இதை எத்தனை நாளுக்கு ஒருமுறை பூசுகிறீர்கள், பூசிய பிறகு எரிகிறதா" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்த மரியாதை எனக்குப் பெரிதாகப் பட்டது. அத்தை செய்து கொடுத்தது அன்பினால் அல்லவா.

பரிசோதனை எப்படி இருக்கும் என்ற பயம் பலருக்கு இருக்கும், அதனால் விவரமாகவே சொல்கிறேன். பெண் டாக்டர். கூட ஜூலு இனத்து சிஸ்டர் (நர்ஸ்) ஒருவர் இருந்தார், என்னை 'மா' என்றுதான் கூப்பிட்டார். இடுப்புக்குக் கீழே போர்வை போட்டு, தொடும் முன் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத் தொட்டார்கள். உள்ளே கருவி எதையும் விடவில்லை. அன்றைக்கு அதற்கு அவசியமில்லை என்றார் டாக்டர். கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, எந்த இடம் தடித்திருக்கிறது, எங்கே கீறல், எங்கே நிறம் மாறியிருக்கிறது என்று காட்டினார். அந்த வயதில் என் உடம்பை நான் ஒழுங்காகப் பார்த்தது அன்றைக்குத்தான். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கப் புகைப்படம் எடுக்கலாமா என்று கேட்டு, கையெழுத்து வாங்கி, முகம் இல்லாமல் எடுத்தார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறார்கள், வற்புறுத்தல் இல்லை.

அதன்பிறகு டாக்டர் சொன்னதுதான் எனக்கு நம்பிக்கை தந்தது. "இன்றைக்கு இது என்னவென்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்று நான்கு விஷயமாக இருக்கலாம். ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழிப்போம்" என்றார். தெரியும் என்று சொல்லித் தவறான மருந்து கொடுத்தவர்களைப் பார்த்து அலுத்துப்போனவளுக்கு இந்தப் பேச்சு தண்ணீர் குடித்தது மாதிரி இருந்தது.

பூஞ்சையா என்று பஞ்சுக்குச்சியில் எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினார்கள். சர்க்கரை பார்த்தார்கள், ஏனென்றால் நம் ஆட்களிடம் இங்கே சர்க்கரை நோய் அதிகம், சர்க்கரை ஏறினால் பூஞ்சையும் ஏறும். தைராய்டு, இரும்புச் சத்து பார்த்தார்கள். ஹெச்ஐவி சோதனை வேண்டுமா என்று எல்லாரிடமும் கேட்பதுபோல என்னிடமும் கேட்டார்கள். பூஞ்சை இல்லை என்று வந்தது. எத்தனை மாத்திரை விழுங்கியிருக்கிறேன்!

அடுத்து, லைக்கன் ஸ்க்லீரோசஸ் என்ற நோய் இருக்கிறதா என்று பார்க்க பயாப்ஸி, அதாவது தோலில் சின்னத் துண்டு எடுத்துச் சோதிப்பது. அதில் தோல் வெளுத்து, மெலிந்து, கசங்கிய காகிதம்போல ஆகும். கவனிக்காமல் விட்டால் இதழ்கள் ஒட்டிச் சுருங்கிப்போகும், சிறு விகிதத்தில் புற்றுநோய் வரவும் வாய்ப்பு உண்டு. மாதவிடாய் நின்ற வயதில் அதிகம் வரும், சின்னப் பெண் குழந்தைகளுக்கும் வரும். தொற்று நோய் அல்ல, யாரிடமிருந்தும் வருவதல்ல. க்ளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு களிம்பை முதல் மாதம் தினமும், அடுத்த மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாம் மாதம் வாரத்துக்கு இருமுறை என்று பூசுவதுதான் வழக்கமான சிகிச்சை. பிறகு வருஷாவருஷம் காட்ட வேண்டும். எனக்கு அது இல்லை. ஆனாலும் இதை எழுதுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கும் யாருக்காவது அது இருக்கலாம், அவரும் பூஞ்சை க்ரீம் பூசிக்கொண்டிருக்கலாம்.

பயாப்ஸி வலிக்குமா என்றால், மரத்துப்போகும் ஊசி போடும்போது ஒரு சுருக், அது நன்றாகவே வலிக்கும். அப்புறம் ஒன்றும் தெரியாது. 4 மில்லிமீட்டர் அளவில் ஒரு துண்டு, தானே கரையும் ஒரு தையல். சிஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டார். முடிவில் வந்தது: நாள்பட்ட எக்ஸிமா (தோல் அழற்சி), சொறிந்து சொறிந்து தோல் தடித்திருக்கிறது. தடித்த தோல் இன்னும் அரிக்கும், அரிப்பு இன்னும் சொறிய வைக்கும். அந்தச் சுற்றை உடைக்க வேண்டும், அதே சமயம் எது தொடங்கி வைத்தது என்றும் கண்டுபிடிக்க வேண்டும் என்றார்.

அதற்குத்தான் பேட்ச் டெஸ்ட், எந்தப் பொருள் தோலுக்கு ஒவ்வவில்லை என்று பார்க்கும் சோதனை. முதுகில் வரிசை வரிசையாகச் சின்னக் கிண்ணங்களை ஒட்டுகிறார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ரசாயனம். திங்கட்கிழமை ஒட்டி, புதன்கிழமை எடுத்துப் பார்த்து, வெள்ளிக்கிழமை மறுபடி பார்க்கிறார்கள். முதுகு நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது. இங்கே ஒரு யோசனை சொல்கிறேன்: டிசம்பர், ஜனவரியில் டர்பன் புழுக்கத்தில் இதற்கு நாள் வாங்காதீர்கள், ஒட்டியதெல்லாம் வியர்வையில் கிளம்பிவிடும். ஜூன், ஜூலைதான் சரி. நான் அப்படித்தான் செய்தேன். அந்த வாரம் வீட்டில் அத்தையே சமையலைப் பார்த்துக்கொண்டார், அடுப்படிச் சூடு வேண்டாம் என்று.

வெள்ளிக்கிழமை முதுகில் ஓர் இடம் சிவந்து கொப்புளித்திருந்தது. மெத்தில்ஐசோதையசோலினோன். வெட் வைப்ஸ், திரவச் சோப்பு, ஷாம்பு இவை கெடாமல் இருக்கப் போடும் பொருள். அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2013-ல் இந்த வகைப் பொருளை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம், பூசிவிட்டுக் கழுவாமல் விடும் பொருள்களில் இதைச் சேர்க்கக் கூடாது என்று 2017-ல் தடுத்துவிட்டது. சுத்தமாக இருக்க வேண்டும் என்று நான் தினமும் துடைத்த வைப்ஸின் அட்டையில் அந்தப் பெயர் இருந்தது. இந்த வகை ஒவ்வாமை தொட்டவுடன் வருவதில்லை, ஒன்றிரண்டு நாள் கழித்து வரும். யாரும் கேட்டுப் பார்க்காமல் இது இதனால் என்று எப்படித் தெரியும்?

இப்போது சோப்பு கிடையாது. எமல்சிஃபையிங் ஆயின்ட்மென்ட் என்று மருந்துக்கடையில் கேட்டால் டப்பாவில் கிடைக்கும், விலை குறைவு. அதைத் தேய்த்து வெறும் தண்ணீரில் கழுவ வேண்டும். அக்வியஸ் க்ரீம் வேண்டாம் என்றார், புண்ணான தோலைக் காந்த வைக்குமாம். குளியல் தண்ணீரில் கிருமிநாசினி கூடவே கூடாது. ஸ்டீராய்டை எண்ணெய்ப்பசையுள்ள களிம்பாகத்தான் (ஆயின்ட்மென்ட்) எழுதினார், க்ரீமாக அல்ல. க்ரீமில் பதப்படுத்தும் பொருள் அதிகம். எவ்வளவு பூச வேண்டும் என்று விரல் நுனியில் பிதுக்கியே காட்டினார். ராத்திரிக்குத் தூக்கம் வரும் அரிப்பு மாத்திரை கொஞ்ச நாளைக்கு. ஸ்டீராய்டு என்றதும் தோல் மெலிந்துவிடுமே என்று கேட்டேன். சொன்ன அளவில், சொன்ன காலத்துக்குப் பூசினால் பயமில்லை, சொறிவதுதான் அதைவிடக் கெடுதல் என்று பொறுமையாக விளக்கினார்.

அரிப்பு போய்விட்டது. ராத்திரி தூங்குகிறேன். எரிச்சல் மட்டும் முழுசாகப் போகவில்லை. தோல் நன்றாக ஆறிய இடத்திலும், உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று ஓர் எரிச்சல் வருகிறது. டாக்டர் இதையும் மறைக்கவில்லை: தோலில் காரணம் தெரியாமல் மூன்று மாதத்துக்கு மேல் வலியோ எரிச்சலோ நீடித்தால் வல்வோடினியா என்பார்கள், நரம்பும் இடுப்புத் தசையும் சம்பந்தப்பட்டிருக்கலாம், உங்களுக்கு அதுவா என்று இன்னும் பார்க்க வேண்டும் என்றார். இடுப்பின் அடித்தசைகளுக்குப் பயிற்சி தரும் ஃபிசியோவிடம் போக எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆக முழுப் பதிலும் கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதைத் தேடுகிறோம் என்று இப்போது தெரிகிறது.

குறைகளும் உண்டு. வரவேற்பில் எல்லார் காதிலும் விழும்படி "என்ன பிரச்சினை ஆன்ட்டி" என்று கேட்கிறார்கள். பக்கத்தில் கோயிலில் பார்க்கும் முகம் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்வது? ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னால் ஆயிற்று. இதை டாக்டரிடமே சொன்னேன், மாற்றினால் மகிழ்ச்சி. முதல் சந்திப்புக்கு 1,500 ரேண்டுக்கு மேல் ஆகும். லேப் பில் தனியாக வரும், பேட்ச் டெஸ்ட்டும் தனி. மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இருந்தாலும் எது எது தருவார்கள் என்று முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கார் நிறுத்த இடம் கஷ்டம், தெரு ஏற்றம் வேறு; பயாப்ஸி அன்றைக்கு யாரையாவது கூட்டிப்போங்கள்.

இந்தச் செலவு முடியாதவர்கள் பக்கத்து அரசு கிளினிக்கில் தொடங்கலாம், அங்கே பார்க்கக் கட்டணம் இல்லை. தோல் பிரிவுக்கு ரெஃபரல் கடிதம் வேண்டும் என்று கேளுங்கள். கடிதத்தில் வெறும் 'தொற்று' என்று எழுதவிடாமல், எத்தனை காலமாக இருக்கிறது, என்னென்ன மருந்து போட்டுப் பலனில்லை என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். தோலைப் பார்க்காமல் சீட்டு எழுதப் பேனாவை எடுத்தால், "ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள் டாக்டர்" என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

பெரியா கிளினிக்குப் போன் செய்பவர்கள் 'தோல் பிரச்சினை, முதல் தடவை' என்று மட்டும் சொன்னால் போதும், நாள் தந்துவிடுவார்கள். மேற்கொண்டு கேட்டால் டாக்டரிடம் சொல்கிறேன் என்று சொல்லிவிடலாம். பையை மட்டும் மறக்க வேண்டாம், பாதி தீர்ந்த ட்யூப் வரைக்கும் எல்லாவற்றையும் அட்டையோடு எடுத்துப் போங்கள்.