செல் பகுப்பு ஸ்லைடுத் தொகுப்பு: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

பள்ளி ஆய்வகத்துக்காக இணையவழி வாங்கிய இத்தொகுப்பில் வெங்காய வேர்நுனியின் நீள்வெட்டு, அதே வேர்நுனியை நசுக்கித் தயாரித்தது, வெள்ளைமீன் பிளாஸ்டுலாவின் (தொடக்கநிலைக் கரு) வெட்டு என மூன்று நிரந்தர ஸ்லைடுகளும் ஒரு கையேடும் உள்ளன.

நீள்வெட்டு ஸ்லைடு மிகச் சிறப்பாக அமைந்துள்ளது. ஹீமடாக்சிலின் சாயம் குரோமோசோம்களில் அழுத்தமாகப் பிடித்து, சைட்டோபிளாசம் வெளிறியே இருப்பதால், 400 மடங்கு உருப்பெருக்கத்தில் குரோமோசோம்களை இழுக்கும் கதிர் இழைகளின் மெல்லிய கோடுகள்கூடச் சில செல்களில் தென்படுகின்றன. குரோமோசோம்கள் பிரிந்து இரு துருவங்களுக்கும் நகரும் அனாஃபேஸ் நிலைச் செல்களை நிதானமாகப் பார்க்க வேண்டும்: இழைகள் பற்றியிருப்பது குரோமோசோமின் ஒடுங்கிய இடமான சென்ட்ரோமியர் பகுதியிலுள்ள கைனெட்டோகோர் என்னும் புரத அமைப்பை என்பதால், அப்பகுதி துருவத்தை நோக்கி முந்திச் செல்ல, கரங்கள் பின்னால் இழுபட்டு வளைந்திருப்பது தெளிவாகத் தெரிகிறது. பெரும்பாலான செல்கள் இடைநிலையிலேயே (இரு பகுப்புகளுக்கு இடைப்பட்ட நிலை) காணப்படுவதைக் குறையாகச் சொல்ல முடியாது. செல் சுழற்சியின் பெரும்பகுதி அந்நிலையில்தான் கழிகிறது.

ஆயினும், குரோமோசோம்களை எண்ணுவதற்கு நீள்வெட்டு உதவாது. சீவும்போது பல செல்கள் துண்டாகிவிடும். மெட்டாஃபேஸில் நடுக்கோட்டில் அணிவகுத்தவையும் பக்கவாட்டில் ஒரே பட்டையாகவே தெரியும். வெங்காயத்தின் 16 குரோமோசோம்களையும் தனித்தனியே காண நசுக்கு ஸ்லைடுதான் வேண்டும். இத்தொகுப்பில் சொதப்பலானது அதுதான். செல்கள் போதிய அளவு பரவாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. கவர் ஸ்லிப்பின் ஓரத்தில் காற்றுக்குமிழ் வேறு.

வெள்ளைமீன் ஸ்லைடு பரவாயில்லை. துருவங்களைச் சுற்றி விரியும் நட்சத்திர இழைகள் நன்றாகத் தெரிகின்றன. விலங்கு செல்லுக்குரிய அந்த அமைப்பை, சென்ட்ரியோல்களே (விலங்கு செல்லின் துருவங்களில் இருக்கும் நுண்ணுறுப்புகள்) இல்லாத வெங்காய செல்லின் படத்திலும் கையேடு வரைந்து வைத்திருப்பதை என்னவென்று சொல்வது? ஒரு குரோமோசோமின் இரு நகல்களான சகோதர குரோமாட்டிட்டுகள் 'தாமாகவே பிரிகின்றன' என்றும் அது எழுதுகிறது. உண்மையில் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது கோஹீசின் என்னும் புரதம். எல்லாக் குரோமோசோம்களும் இரு துருவ இழைகளோடும் முறையாக இணைந்த பின்னரே செபரேஸ் நொதி விடுவிக்கப்பட்டு அப்பிணைப்பை வெட்டுகிறது. இணைப்பு முழுமையடையும் வரை காத்திருக்கும் இந்தத் தணிக்கை பிசகினால், மகள் செல்களின் குரோமோசோம் எண்ணிக்கையே மாறிவிடக்கூடும். கையேட்டை மாணவர் கையில் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

விற்பனையாளர் தனி ஸ்லைடாகத் தருவாரானால் நீள்வெட்டை மட்டும் வாங்கலாம். நசுக்கு ஸ்லைடை, வேர்நுனியை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இளக்கி, அசிட்டோகார்மைன் சாயமிட்டு மாணவர்களே வகுப்பில் தயாரித்துவிடலாம்.