ஏ9 ஓரத்து நெட்டிலிங்கக் கன்று: உயரத்துக்குக் காசு கொடுக்கலாமா?

மதிலுக்கு மேலால் அயல்வளவு தெரியக்கூடாது என்று கேட்டால், வவுனியாவில் இருந்து கிளிநொச்சி வரை எந்த நாற்றுமேடையிலும் முதலில் கைகாட்டுவது நெட்டிலிங்கத்தைத்தான். அசோகா என்று சொல்லி விற்பார்கள். உண்மையான அசோகம் வேறு மரம். அது செம்மஞ்சள் பூக்கொத்து வைத்து விரிந்து வளரும், மதிலோர மறைப்புக்குச் சரிவராது. பெயர்க் குழப்பத்தால் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. நட்டம் வருவது கன்றின் உயரத்தில்தான்.

பெரும்பாலும் இரண்டு அளவில் வைத்திருப்பார்கள்: இடுப்பளவுக் கன்று ஒன்று, ஆறடி தாண்டியது ஒன்று. நெட்டைக் கன்றுக்கு இரண்டு மூன்று சின்னக் கன்றின் காசு போகும். ஆனால் பல இடங்களில் இரண்டும் நிற்பது ஒரே அளவுப் பொலித்தீன் பையில். நெட்டை என்பது வளர்த்தி அல்ல, விற்காமல் தேங்கி நின்ற காலம்.

வாங்க முதல் பையைத் தூக்கிப் பாருங்கள். சும்மா தூக்க வரவேண்டும். சடக்கென்று முறிகிற சத்தத்தோடு வந்தால், அடித்துளையால் இறங்கிய வேர் நிலத்துக்குள் ஓடியிருக்கிறது. பென்சில் மொத்தத்தில் இருந்த அந்த வேர்தான் இதுவரை தண்ணீர் ஏற்றியது. பைக்குள் மிச்சம் இருப்பது வட்டமாகச் சுருண்டது. அதை அப்படியே நட்டால் நாலைந்து வருடம் குறை தெரியாது. பிறகு ஒரு மாரிக் காற்றில் மரம் அடியோடு சரியும், கிளறிப் பார்த்தால் வேர் இன்னும் பையின் வடிவத்திலேயே இருக்கும். அடுத்தது, ஊன்றுகம்பை அவிழ்க்கச் சொல்லுங்கள். கம்பில்லாமல் நிற்காத தண்டு சோளகக் காற்றுக்கும் நிற்காது. அவிழ்க்க மாட்டேன் என்பவரிடம் செவ்வரத்தை வாங்கலாம், மரம் வாங்க வேண்டாம்.

நல்ல கன்றின் கொழுந்து செப்பு நிறத்தில் மினுங்கும், அடியில் இருந்தே கிளை இருக்கும். அந்த அடிக்கிளைதான் நீங்கள் காசு கொடுக்கும் சாமான். கண்மட்டத்தை மறைப்பது அதுதான், ஒருமுறை அரிந்தால் அந்த இடம் பழையபடி அடர்ந்து வராது. அடியை மொட்டையடித்து வெள்ளைச் சுண்ணாம்பு பூசுகிற வழக்கம் வீதியோர மரத்துக்குப் பொருந்தும், வீட்டு மறைப்புக்குப் பொருந்தாது.

தெற்கில் இருந்து லொறியில் ஏறிவந்த கன்றுகள் நிழல்வலைக்குள் வளர்ந்தவை. நேரே வன்னி வெயிலில் வைத்தால் இலை பொரிந்துவிடும். பத்து, பதினான்கு நாள் அரைநிழலில் வைத்துப் பழக்குங்கள். நடுகைக்கு ஐப்பசி மழை தொடங்கி நிலம் ஊறியதும் நல்ல தருணம். தை மாதத்துக்குள் வேர் பிடித்துவிட வேண்டும். பங்குனி, சித்திரையில் நட்டவர் கோடை முழுக்க வாளி தூக்குவார்.

குழி இரண்டடி அகலம், ஒன்றரையடி ஆழம். காய்ந்த செம்மண் என்றால் அலவாங்கு இல்லாமல் நடக்காது. நடுவதற்கு முதல்நாள் பின்னேரம் குழிக்குள் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். விடியவும் தேங்கி நின்றால் அது களிநிலம். வயற்கரை வளவுகளில் இதுதான் வழமை. அங்கே குழிக்குள் நடாமல், அரையடி உயர்த்திய மேட்டில் நடவேண்டும், இல்லாவிட்டால் கார்த்திகை வெள்ளத்தில் வேர் அழுகும். மேட்டுநிலத்தில் இதற்கு எதிர்மாறு, தண்ணீர் நிற்காது: குழியடியில் தேங்காய்ப் பொச்சுமட்டையை உட்குழிவு மேலே பார்க்க இரண்டு அடுக்கு போட்டால் ஈரம் நிற்கும். கிளறிய மண் மூன்று பங்கு, நன்றாக உக்கிய மாட்டெரு ஒரு பங்கு. பச்சை எரு வேரைச் சுடும். கறையானுக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்குச் சேர்க்கலாம், ஈரம் காக்க மேலே பரப்பும் மூடாக்கைத் தண்டில் முட்டாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். பையைக் கீறி எடுத்தபின், சுருண்ட வேரைக் கூரான கத்தியால் பக்கவாட்டில் மூன்று இடத்தில் மேலிருந்து கீழாக வெட்டிவிடுங்கள். மனம் கேட்காது, ஆனாலும் வெட்டவேண்டும்.

இடைவெளி நாலடி, மதிலில் இருந்து மூன்று நாலடி. ஐம்பதடி மதிலுக்குப் பன்னிரண்டு கன்று போதும். கூட இரண்டு வாங்கி ஒரு மூலையில் நட்டுவைத்தால், பட்டுப்போன இடத்துக்கு அதே வயதுக் கன்று கையில் இருக்கும். இரண்டடிக்கு ஒன்று நெருக்கினால் முதல் வருடம் அழகாகத்தான் இருக்கும், பிறகு நடுக்கன்றுகள் வெளிச்சம் இல்லாமல் அடி காய்ந்துவிடும். மின்கம்பிக்கு நேர்கீழே மட்டும் வேண்டாம். பத்து, பன்னிரண்டடியில் நுனியைக் கிள்ளிவிட்டால் உயரம் அடங்கிப் பக்கம் தடிக்கும். முதல் இரண்டு கோடைக்கும் கிழமைக்கு இரண்டு தரம் பத்து லீற்றர் வீதம் தண்ணீர் வேண்டும். கட்டாக்காலி மாடு வரும் வளவென்றால் சுற்றிப் பனைமட்டை வரிந்துவிடுங்கள்.

செம்மண்ணும் நல்ல கிணறும் உள்ள வளவுக்கு, இடுப்பளவுக் கன்றாக வாங்கினால் நெட்டிலிங்கம் காசுக்குப் பெறுமதி. பூநகரிப் பக்கம் போல கிணற்றுநீர் உவர்க்கும் இடத்தில் இலைநுனி கருகிக்கொண்டே இருக்கும், வாங்கவே வேண்டாம். முல்லைத்தீவுக் கரையோர மணலுக்குச் சவுக்கு. அதைத் தடித்த தண்டில் வெட்டினால் சரியாகத் துளிர்க்காது, இளசிலேயே அரிந்து பழக்கவேண்டும். இடுப்பளவு வேலி போதும் என்றால் சங்கங்குப்பி, ஆடு வாய் வைக்காது. அரளி எங்கும் வளரும்தான், ஆனால் இலை முதல் வேர் வரை நஞ்சு. குழந்தையும் ஆடும் உள்ள வீட்டுக்கு ஆகாது.

காசும் தண்ணீரும் இரண்டும் மட்டு என்றால் நாற்றுமேடைக்கே போகத் தேவையில்லை. கதியால், அதாவது நட்டால் வேர்விட்டு வேலியாகும் தடி, போதும். கிளுவை கோடையில் இலை கொட்டி வேலியை வெளிச்சமாக்கிவிடும், அதனால் மறைப்புக்குப் பூவரசுதான். மணிக்கட்டு மொத்தத்தில் ஆறடித் தடி, அடிமுனை சரிவாக வெட்டியது. அலவாங்கால் ஓரடி துளைபோட்டுத்தான் இறக்கவேண்டும், அடித்து இறக்கினால் பட்டை நசிந்து அழுகும். வேர்பிடித்தபின் வருடம் ஒருதரம் நெஞ்சளவில் வெட்டிவிட்டால் அடர்ந்து வரும். வெட்டிய குழை ஆட்டுக்கு.