ஊர்ப் பள்ளியா, விடுதிப் பள்ளியா?

அலாஸ்காவின் வடமேற்குக் கரையில் இருக்கும் பாயிண்ட் ஹோப்புக்கு வெளியூரிலிருந்து சாலை கிடையாது. இங்குள்ள இனுபியாட் பழங்குடிப் பிள்ளைகள் மேல்நிலைப் படிப்பை ஊரின் திகிகாக் பள்ளியிலேயே படிக்கலாம். இல்லையென்றால் தெற்கே சிட்காவில் அரசு நடத்தும் மவுண்ட் எட்ஜ்கம்ப் விடுதிப் பள்ளிக்கு விமானம் ஏறலாம்.

விடுதியில் பாடப்பிரிவுகள் கூடுதல், பல ஊர் நட்பும் கிடைக்கும். சரி, ஏப்ரல், மே மாதங்களில்? அப்போதுதான் ஊரில் திமிங்கில வேட்டை. கடல்பனி ஓரத்துக் கூடாரத்தில் சிறுவர்களுக்கு முதல் வேலை அடுப்பைப் பார்த்துக்கொள்வதும் காபி போடுவதும். சீல் தோல் போர்த்திய உமியாக் படகில் ஏறும் முறை அப்புறம்தான் வரும். அந்தப் பருவத்தைத் தவறவிடுவது பெரிய இழப்பு.

முன்பு பல கிராமங்களில் விடுதியை விட்டால் வழியே இல்லை. பழங்குடி மாணவர்கள் அலாஸ்கா அரசின் மேல் தொடுத்த மோலி ஹூச் வழக்கில் 1976இல் ஏற்பட்ட உடன்பாடுதான் ஊரிலேயே மேல்நிலைப் பள்ளி என்ற உரிமையைத் தந்தது. என் ஓட்டு ஊர்ப் பள்ளிக்கே.